படிக்கத் தெரிந்த ஒருவர்

வேற்று மொழியில் பச்சை குத்திக்கொண்டு, அது பிழையாகப் போய்விட்ட ஒருவரைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். எழுத்து எங்கே, எப்படி உடையும் என்று பார்த்துப் பழகியவனுக்கு, அந்தப் பிழையில் குத்திக்கொண்டவரின் பங்கு எவ்வளவு சிறியது என்பதும் தெரியும்.

எபிரேயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. டிசைன் மென்பொருள்கள் சிலவற்றுக்கு இந்தப் போக்கு பிடிபடாது. 'ஷாலோம்' என்பதை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால், எழுத்துகளை இடமிருந்து வலமாக அடுக்கிக் கொடுத்துவிடும். எபிரேயம் தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடிக்கலாம். அம்மொழியில் ஐந்து எழுத்துகளுக்கு, சொல்லின் கடைசியில் மட்டும் வரும் தனி வடிவம் உண்டு. ஷாலோமின் இறுதியில் வரும் 'மேம்' அப்படிப்பட்டது. நான்கு பக்கமும் அடைத்த சிறு பெட்டியாகத் தெரியும். அந்தப் பெட்டி இடது ஓரத்தில் நிற்க வேண்டும். வலது ஓரத்தில் நின்றால் சொல் முழுக்கத் தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு பார்வை போதும். அந்த ஒரு பார்வைக்குத்தான் கடையில் ஆள் இருப்பதில்லை.

இந்தி எழுதப் பயன்படும் தேவநாகரி உடைவது வேறு விதம். என் தங்கை மகள் மணிக்கட்டில் 'சக்தி' என்று குத்திக்கொள்ள ஆசைப்பட்டாள். கடையில் அச்சடித்துக் கொடுத்த ஸ்டென்சிலைப் படம் எடுத்து, "மாமா, இது சரிதானா?" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். ககரமும் தகரமும் கூட்டெழுத்தாகச் சேராமல், ககரத்தின் அடியில் ஒரு சாய்கோடு தொங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டெழுத்துக்கு முன்னால் வர வேண்டிய இகரக் குறி, தகரத்தைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. தமிழில் 'பெ' என்று அடித்தால் சில மென்பொருள்களில் பகரம் முதலில் வந்து ஒற்றைக்கொம்பு பின்னால் நிற்குமே, அதே நோய்தான். எழுத்துகள் எல்லாம் சரி. கோத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் கணினி செய்யவில்லை. ஊசி பிடிப்பவர் ஸ்டென்சிலில் இருக்கும் கோட்டின் மேலேயே போவார். பழகிய கையானால் பிழையும் அழகாகவே இறங்கும். மேல்தோலுக்குக் கீழே போய்த் தங்கும் மை அது. லேசரில் எடுக்கப் பல முறை போய் உட்கார வேண்டும். வலியும் செலவும் தனி. சமஸ்கிருத ஆசிரியர் ஒருவரிடம் அந்தச் சொல்லைக் கையால் எழுதி வாங்கி அனுப்பிவைத்தேன்.

பிரபலங்களும் இதற்குத் தப்புவதில்லை. 2019 ஜனவரியில் பாடகி அரியானா கிராண்டே தன் 'செவன் ரிங்ஸ்' பாட்டின் பெயரை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்திக்கொண்டார். வலி தாங்காமல் நடுவில் சில எழுத்துகளை விட்டுவிட, மிஞ்சிய இரண்டும் சேர்ந்து சிறிய கரியடுப்பின் பெயராகிவிட்டது. உலகமே கேலி செய்தது.

கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 2000-இல் மனைவி விக்டோரியாவின் பெயரைத் தேவநாகரியில் கையில் குத்திக்கொண்டார். ஒரு ஹகரம் கூடுதலாக விழுந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. இந்தி வழக்கப்படி அது கூடுதல்தான். ஆனால் மராத்திக்கும் எழுத்து தேவநாகரியே. விக்டோரியா என்று எழுத அவர்கள் வகரத்தோடு ஹகரத்தைச் சேர்ப்பதுதான் வழக்கம். மராத்தி படித்தவர் அந்தக் கையைப் பார்த்துக் குறை சொல்ல மாட்டார். கேலி செய்தவர்களும் படிக்கத் தெரிந்த எல்லோரையும் கேட்டுவிடவில்லை.

"வாடிக்கையாளர் கொண்டுவந்ததைத்தான் குத்தினோம்" என்று கடைக்காரர்கள் கைகழுவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்துக்குப் பொறுப்பேற்பது எப்படி என்பதற்கு எபிரேயத்திலேயே உதாரணம் உண்டு. யூதர்களின் புனித நூலான தோராவைச் சுருளில் எழுதும் எழுத்தரை 'சோஃபேர்' என்பார்கள். ஒரு சுருளில் 3,04,805 எழுத்துகள். மனப்பாடமாக எழுதக் கூடாது. சரிபார்த்த பிரதியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே எழுத வேண்டும். ஓரெழுத்து பிழைத்தாலும், திருத்தும்வரை அந்தச் சுருள் வழிபாட்டுக்கு ஆகாது. 'தாலெத்', 'ரேஷ்' என்ற இரு எழுத்துகளுக்கும் வித்தியாசம் மேல்மூலை கூர்மையா, வளைவா என்பதுதான். அந்த மூலைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணைக் கொடுத்தவர்களின் எழுத்து இது.

டாட்டூக் கடையிடம் அவ்வளவு கேட்கவில்லை. அந்தந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணை வைத்திருக்கட்டும். ஸ்டென்சிலை அவருக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல், படித்துக் காட்டச் சொல்லட்டும். அவர் தடுமாறினால் அன்று ஊசியை எடுக்கவே கூடாது.