ஒலிப்பெட்டி வாங்கிய கதை

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, இலக்கியப் பொருள் எதனையேனும் எழுதுவோமென்றே முதலில் எண்ணினோம். ஆயின், பழைய மாணவர் சங்கத்தார் தமிழ் மன்றத்துக்கென எம் கையில் ஒப்புவித்த 45,000 ரூபா எவ்வாறு செலவாயிற்றென்று அவர்கட்கு உரைக்குங் கடன் நெடுநாளாக எம்மேல் இருந்துவருகின்றது. ஆதலின் அக்கதையையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1987ஆம் ஆண்டு வைகாசியில், குளிர்த்திக் காலத்தில், எம் அயலூர் முதியவர் ஒருவர் கண்ணகி வழக்குரை படித்ததை எம் தந்தையார் இரண்டு கசெற் நாடாக்களிற் பதிந்து வைத்தார். அம்முதியவர் இன்றில்லை. அவர் படித்த முறையில் படிப்போரும் அருகிவிட்டனர். நாடாக்களில் ஒன்று 2004 டிசம்பர் 26இல் திருக்கோவிற் கரையிலிருந்த எம் வீட்டோடு கடலிற் போயிற்று. மற்றையது உறவினர் ஒருவரிடம் இரவலாகச் சென்று திரும்பாதிருந்தமையால் தப்பியது. இரவல் கொடுத்த பொருள் திரும்பி வாராமையால் நன்மை விளைந்தது எம் வாழ்வில் அஃதொன்றே. அதனைப் பின்னர் கணினியில் ஏற்றி, உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கேட்பிக்க விரும்பினோம்.

அதன்பொருட்டு முன்னொருமுறை எம் சொந்தப் பணத்தில் ஒரு சோடி ஒலிப்பெட்டி வாங்கினோம். ஆயிரம் வாற்று என்று அட்டையிற் பெரிதாகப் பொறித்திருந்தது, கடையிற் சினிமாப் பாட்டொன்றை ஒலிக்கவிட்டபோது நெஞ்சு அதிர்ந்தது, மகிழ்ந்து கொணர்ந்தோம். வகுப்பில் நாடாவைக் கேட்பித்து எழுதச் சொன்னால், பிள்ளைகள் 'தாழ்' என்பதைத் 'தாள்' என்றும், 'கழை' என்பதைக் 'களை' என்றும் எழுதினர். யாம் சினந்து சிவப்பு மையால் வட்டமிட்டோம். ஒருநாள் கதவோரம் அமர்ந்து யாமே கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. ழகரமும் ளகரமும் எம் செவிக்கும் ஒன்றாகவே வந்தன. அன்று வட்டமிடப்பெற்ற பிள்ளைகளிடம் யாம் இன்னும் மன்னிப்புக் கேட்டிலேம். இம்மலர் வாயிலாகக் கேட்கின்றோம்.

இதன் காரணத்தைப் பௌதிக ஆசிரியராகிய நண்பரொருவர் விளக்கினார். ஆடவர் பேச்சின் அடிப்படைச் சுரம் பெரும்பாலும் செக்கனுக்கு 100 முதல் 150 அதிர்வுகளளவில் நிற்கும். ஓர் எழுத்தை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவனவோ அதன்மேல் எழும் ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் அதிர்வுகளே. நெஞ்சை அதிரவைக்கும் பெட்டி கீழொலியைப் பருக்கச் செய்து, இவ்விடையொலியை மூடிவிடுகின்றது. தொல்காப்பியர் பிறப்பியலில் ழகரத்தை ரகரத்தோடு சேர்த்து, லகர ளகரங்களை வேறாக வைத்த நுட்பத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். ஆயினும் பெட்டி வாங்கச் சென்றபோது அது நினைவுக்கு வந்திலது! ஆயிரம் வாற்று என்பதும் கணப்பொழுது உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் எண்ணேயன்றி, தொடர்ந்து தாங்கும் வலுவன்று.

சங்கத்தார் பணத்தோடு கல்முனைக்குச் சென்றது ஒரு சனிக்கிழமை. பேருந்து காரைதீவைக் கடக்கையில் விபுலாநந்த அடிகளை நினைந்தோம். அவ்வூரில் 1892இற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பழந்தமிழ் இசையின் அலகுகளைக் கணக்கிட்டு 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய பெரியார், ஒரு சோடி ஒலிப்பெட்டி வாங்கத் தடுமாறும் தமிழாசிரியனைக் கண்டால் என்ன நினைப்பாரோ!

கடைக்காரர் எம்மின் மூத்தவர். எம் நோக்கத்தைக் கூறினோம். "காக்கா, பாட்டுக்கில்ல, பேச்சுக்கு வேணும்" என்றதும் அவர் சற்றுச் சிந்தித்தார். "சேர், எல்லாரும் பாஸ்தான் கேக்கிற. நீங்க ஒராள்தான் இப்படிக் கேட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லி மூன்று சோடிகளை எடுத்து வைத்தார். விலை 19,500, 48,000, 92,000. மூன்றாவதற்கு அம்பிளிபயரும் தனியே வாங்கவேண்டும். வீதியின் இரைச்சலில் ஒன்றும் துலங்கவில்லை. அதற்குள் ளுஹர் பாங்கு ஒலிக்க, அவர் யாவற்றையும் நிறுத்திப் பள்ளிக்குச் சென்றார். மீண்டு வந்து கதவைப் பாதி இறக்கிவிட்டு, "இப்ப கேளுங்க சேர்" என்றார். அவ்வமைதிக்கு யாம் இன்றும் நன்றியுடையேம்.

சற்றே உரக்க ஒலிப்பது எப்பெட்டியாயினும் செவிக்கு அதுவே நன்றெனத் தோன்றும். அம்மயக்கம் தீரக் கைத்தொலைபேசியிலுள்ள ஒலிமானியால் மூன்றையும் ஒரே அளவில் நிறுத்தினோம். பின்னர் யாம் சுவரை நோக்கித் திரும்பியிருக்க, கடைப் பையன் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி இயக்கினான். மலிவான சோடியை ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டோம். முதியவர் குடத்துக்குள்ளிருந்து படிப்பதுபோலிருந்தது. மற்றை இரண்டில், வீணையும் மிருதங்கமும் வந்தவிடத்து விலையுயர்ந்ததே வென்றது. தட்டின் விளிம்பிசை தெளிந்து கேட்டது. வழக்குரையிலோ ஆறுமுறையில் மூன்றுமுறை பிழைபடச் சொன்னோம். மெருகேற்றிய மரப்பெட்டியின்மீது எமக்கிருந்த ஆசை அவ்விடத்தே அடங்கிற்று.

இன்னும் ஓராண்டு பொறுத்துப் பணம் சேர்த்து உயர்ந்ததையே வாங்கலாமென்பது நண்பர் கருத்து. 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்டபின், பொறுத்திருப்பதில் எமக்கு நம்பிக்கையில்லை. கடைக்காரர் 1,500 குறைத்தார். எஞ்சிய 1,500ஐ யாம் இட்டோம். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு றப்பரா, நுரைப்பஞ்சா என்று தொட்டுப் பார்க்க மறந்திலேம். ஈரக்காற்று வீசும் எம் கரையில் நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

கொணர்ந்து அலுமாரியின் உச்சியில் வைத்தோம். வைத்தவுடன் பழைய குடவொலி மீண்டும் எழுந்தது! அலுமாரித் தகரமும் உடன் முழங்கியதே காரணம். இரண்டு மேசைகளில், செவிமட்டத்தில், சுவரினின்று ஒன்றரை அடி தள்ளி வைத்தபின் எழுத்துக்கள் தெளிந்தன. பின்புறத்துக் காற்றுத் துளையிற் பல்லி குடிபுகாமல் மெல்லிய வலைத்துணியும் கட்டினோம்.

முதல் நாள் நாடாவை இயக்கியபோது, படிப்புத் தொடங்குமுன் ஓர் இருமல் கேட்டது. பழைய பெட்டியில் அஃது இருந்ததாகவே எமக்குத் தெரியாது. பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், அது எங்கட அப்பப்பாட இருமல். வீட்ட சொல்லுவாங்க, படிக்க முதல் இப்படித்தான் இருமுவாராம்" என்றான். படித்தவரின் பேரன் எம் வகுப்பிலிருந்ததை யாம் அன்றுதான் அறிந்தோம். மறுநாள் அவன் தன் தந்தையாரையும் அழைத்துவந்தான். அவர் வாங்கிலில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததும், இன்னொருமுறை போடலாமோவென்று கேட்டார்.