சும்மா இருக்கிற நேரம்

கல்யாணத்துக்குப் பிறகு 18 வருடங்கள் நான் ஒரு நாவல்கூடப் படிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. கையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "சும்மாதானே இருக்கே" என்று அடுத்த வேலை வரும். எங்கள் வீட்டில் பெண் படிப்பது என்றால் சும்மா இருப்பது.

போன வருடம் மகளோடு கிளை நூலகத்துக்குப் போனபோது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ கண்ணில் பட்டது. களத்துக்கே போய் மக்களோடு பழகி எழுதியவர் அவர். இது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. என் அம்மா அங்கே உப்புச் சுமந்தவள். மகளின் அட்டையில் எடுத்துவந்து, அடுப்படியில் உட்கார்ந்து இரவு 2 மணிவரை படித்தேன். காலையில் இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான். வீடு ஒன்றும் இடிந்துவிடவில்லை.

ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள். வெடித்த பாதங்களைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இதையெல்லாமா புஸ்தகத்துல எழுதியிருக்காவ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ம்... மேல வாசி" என்றாள்.

இப்போது என் பெயரிலேயே நூலக அட்டை இருக்கிறது. இரவில் யாராவது கூப்பிட்டால், "படிச்சிட்டிருக்கேன்" என்கிறேன். எழுந்திருப்பதில்லை.