சின்னக் கை கொடுக்கட்டும்

ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரத் தொண்டு கட்டாயம். 1999 முதல் உள்ள விதி இது. எங்கள் வீடுகள் பலவற்றில் தொண்டு என்ற பேச்சு பிள்ளையின் காதில் விழுவதே அப்போதுதான், அதுவும் கையொப்பம் வாங்கவேண்டிய ஒரு படிவமாக. கோயில் அன்னதானத்தில் இலை போட்டுக்கொண்டே மணி பார்க்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தொண்டு ஐந்து வயதில் பழகவேண்டிய காரியம்.

பழக்குவதற்கு இந்த நாடே வழி தருகிறது. செப்டெம்பர் வந்தால் பள்ளிக்கூடங்களில் ரெரி ஃபொக்ஸ் ஓட்டம். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அந்த இளைஞன், 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் தொடங்கி, செயற்கைக் காலோடு 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர்பே அருகே ஓட்டம் நின்றது. அடுத்த ஜூனில் இறந்தபோது வயது 22. கனேடியர் ஒவ்வொருவரிடமும் அவன் கேட்டது ஒரு டொலர். இதை மகளுக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அதே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கண்டு காப்பாற்றியவர்கள் கஸ் டால்ரன் என்ற படகோட்டியும் மற்ற மீனவர்களும். முன்பின் தெரியாதவருக்கு உதவுவது என்றால் என்னவென்று விளக்க எனக்கு வேறு கதை தேவைப்படவில்லை.

ஓட்டத்துக்குப் பிள்ளைகள் இரண்டு டொலர் நாணயம் கொண்டுபோவது வழக்கம். காலை அவசரத்தில் அதை எங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை வெறும் தபால்காரர்தான். மகள் தன் உண்டியலைத் தரையில் கொட்டினாள். துருவக்கரடி போட்ட நாணயத்தை எடுத்தாள், திரும்ப உள்ளே போட்டாள், கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள், பிறகு எடுத்துச் சட்டைப்பையில் வைத்தாள். நான் வாய் திறக்கவில்லை. அந்தத் தயக்கம் அவளுக்குரியது.

உணவு வங்கி அடுத்த வழி. கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்ரனில் தொடங்கியது, ரொறன்ரோவின் டெய்லி பிரெட் 1983இல். பள்ளியில் உணவு சேர்க்கும் வாரம் வந்ததும் அலுமாரியின் பின்தட்டில் திகதி முடியக் கிடக்கும் பேணியைத் தேடுவது நல்லதல்ல. எங்கள் அம்மம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைப் புறம்பாகப் போட்டு வைப்பா. வீட்டுக்கு எந்த அரிசியோ அதே அரிசி. அதுபோல் சாமான் வாங்கப் போகும்போது ஒரு பொருளைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். ரின்மீன், பீநட் பட்டர், குழந்தைப் பால்மா எல்லாம் எப்போதும் தேவைப்படுபவை.

"அம்மா, இது ஆருக்கு?"

"எங்கட ஊரிலயே இருக்கிற ஆருக்கோ."

"அவையள் ஏன் வாங்கேல்ல?"

"வாடகை கட்டினாப்பிறகு காசு காணாமப் போயிருக்கும்."

"எனக்கு விருப்பமானதை வாங்குவமா?"

'பாவம், ஏழைகள்' என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அந்த வரிசையில் வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் நேற்று வந்திறங்கிய குடும்பங்களும் நிற்கிறார்கள்.

உடலுழைப்பு என்றால் பக்கத்து வீட்டு முதியவரின் நடைபாதையில் பனி தள்ளுவதே போதும். சின்னப் பிளாஸ்ரிக் சவள் ஒன்று இருந்தால் பிள்ளையும் கூட வரும்.

எனக்கு மனம் ஒப்பாதது ஒன்று உண்டு. பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தாயகத்திலுள்ள சிறுவர் இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுக்கிறோம். நல்ல காரியம், நிறுத்தவே கூடாது. ஆனால் பிறகு தொலைபேசியில் ஒரு காணொளி வரும். எங்கள் பிள்ளையின் படம் போட்ட பதாகைக்கு முன்னால், அவனை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள் வரிசையாக நின்று வாழ்த்துப் பாடுவார்கள். அவர்களுக்கும் பசிக்கும், சோறு மணக்க, பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதைப் பார்க்கும் எங்கள் பிள்ளை, கொடுத்தால் எதிரே ஒருவர் கைகட்டி நிற்பார் என்றுதான் விளங்கிக்கொள்ளும். காசு அனுப்பியதும் நாங்கள்தான், அந்தப் பிள்ளை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு வரவிருக்கும் பரிசுகளில் ஒன்றை வேண்டாமென்று சொல்லி, அந்தக் காசையும் சேர்த்து அனுப்பச் சொல்லுமானால், அது அந்தப் பிள்ளை கொடுத்த சாப்பாடு.

அடுத்த பிறந்தநாளுக்கும் காசு அனுப்புங்கள். பதாகை வேண்டாம், காணொளி வேண்டாம், பிள்ளைகள் சுடச்சுடச் சாப்பிடட்டும் என்று இல்லத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.