ஒரு அங்குலச் சிப்பாய்கள்

வளர்ந்த மனிதர்கள் பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? இங்கிலாந்திலும் பிரான்சிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் வருஷக்கணக்கில்! நெப்போலியன் காலத்துச் சிப்பாய் பொம்மைகள். ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. கையையும் தலையையும் பசை போட்டு ஒட்டி, அடிப்பூச்சு கொடுத்து, பிறகு மெல்லிய பிரஷ்ஷால் சட்டை, தோல்வார், பொத்தான் என்று ஒவ்வொன்றாகப் பூச வேண்டும். கடைசியில் நீர்க்கப் பூசும் கறுப்புச் சாயம் துணி மடிப்புகளில் இறங்கி நின்றதும் பொம்மைக்கு உயிர் வந்துவிடும்.

பிரஷ் பிடிப்பது கூடப் பழகிவிடும். எந்த நிறம் என்று கண்டுபிடிப்பதில்தான் தலைவலி. பிரிட்டிஷ்காரன் என்றால் சிவப்பு, அவ்வளவுதானே என்று நினைத்தால் தப்பு. அதிகாரியின் கோட்டுக்கு விலை உயர்ந்த பளிச்சென்ற சாயம். சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த மலிவுச் சாயம், செங்கல் நிறத்தில் மங்கியிருக்கும். (சிக்கனம் யார் தலையில் விழும் என்பது அன்றும் இதே கதைதான்.) பிரெஞ்சுக்காரனுக்கு நீலம். ஆனால் பிரிட்டனுடனான கடல்போரால் அவுரிச் சாயம் கிடைப்பது கஷ்டமாகி, 1806-ல் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று உத்தரவே போட்டார்கள். சில ரெஜிமெண்ட்டுகள் போட்டும் பார்த்தன. 1807-ல் கைவிட்டாயிற்று. ஆக, வருஷம் தெரியாமல் பிரஷ்ஷைத் தொட முடியாது.

இந்தப் பைத்தியத்தில் எல்லோருக்கும் தாத்தா ஒருவர் உண்டு. வில்லியம் சிபோர்ன், பிரிட்டிஷ் ராணுவத்தில் லெப்டினன்ட். வாட்டர்லூ போரில் அவர் சண்டை போடவில்லை. 1830-ல் அந்தப் போரை மாதிரியாகச் செய்யச் சொல்லி ராணுவத் தலைமை அவரைக் கேட்டது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே செய்ந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். 1815 ஜூன் 18, மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது? எதிரே யார்? வயலில் என்ன பயிர் இருந்தது? பயிரைக் கூட விடவில்லை!

1833-ல் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. அவர் நிறுத்தவில்லை. கடன் வாங்கினார். மொத்தச் செலவு சுமார் 3,000 பவுண்டு. 1838-ல் லண்டனில் மாதிரியைக் காட்சிக்கு வைத்தபோது அதில் 70,000-க்கும் மேற்பட்ட ஈயச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், கணக்குப் போட்டால் 5,000 பவுண்டு. லாபம்தானே? ஏட்டில் லாபம். அவருடைய கடனோ அப்படியே நின்றது.

கடனை விடப் பெரிய வம்பு ஒன்றும் இருந்தது. மாலை ஏழு மணிக்கு ப்ருஷ்யப் படை களத்தில் நிறையவே இறங்கிவிட்டது என்று சிபோர்னுக்குக் கிடைத்த தகவல்கள் சொல்லின. அவரும் அப்படியே பொம்மைகளை வைத்தார். வெற்றியின் நாயகன் வெலிங்டன் பிரபு சொல்லிவந்த கதையில் ப்ருஷ்யர்களுக்கு அவ்வளவு இடமில்லை. மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற சிபோர்ன் கடைசியில் இறங்கிவந்தார். ப்ருஷ்யப் பொம்மைகளைக் குறைக்கச் சம்மதித்தார். வேலையும் பணமும் அதே ராணுவத்தை நம்பி இருக்கும்போது எத்தனை நாள்தான் எதிர்த்து நிற்பது? அவரைக் கோழை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனாலும் மனிதர் திருந்தவில்லை. 1844-ல் இன்னொரு மாதிரி! இந்த முறை களத்தின் ஒரு பகுதி மட்டும், பொம்மைகளும் அளவுக்குப் பொருத்தமாக. அது இப்போது லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸில் இருக்கிறது. 1849-ல் சிபோர்ன் இறந்தார். பெரிய மாதிரி லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில், அதே மாலை ஏழு மணியில் நிற்கிறது.

அதிகாரிகள் எழுதிய பதில்கள் மட்டும் பெட்டியில் கிடந்தன. ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவராத கடிதங்கள். அவற்றிலிருந்து ஒரு பகுதியை 1891-ல் சிபோர்னின் மகன் புத்தகமாகக் கொண்டுவந்தார். வாட்டர்லூ பொம்மைகளை எங்கே நிறுத்துவது என்று சண்டை வந்தால், இன்றைக்கும் முதலில் புரட்டப்படும் புத்தகங்களில் அதுவும் ஒன்று.