மூடுவதைப் பற்றி

கேட் மோட்டார் விற்பவர்கள் திறப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். மழையில் இறங்க வேண்டாம், ஹாரன் அடித்து ஆளைக் கூப்பிட வேண்டாம், காரில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தினால் போதும் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். என் மனம் என்னவோ அந்தக் கேட் எப்படி மூடிக்கொள்ளும் என்பதிலேயே நிற்கிறது.

நாங்கள் மோட்டார் பொருத்தப் போவது பக்கவாட்டில் உருளும் இரும்பு கேட்டுக்கு. தூணருகே தரையில் மோட்டார் இருக்கும். அதன் பல்சக்கரம், கேட்டின் அடியில் பொருத்திய பல்பட்டையைப் பற்றித் தள்ளும். 600 கிலோ, 800 கிலோ, 1000 கிலோ என்று தாங்கும் எடையை வைத்து விற்கிறார்கள். கேட் எவ்வளவு கனம் என்பதுதான் கடையில் முதல் கேள்வி. கையால் தள்ளினால் லேசாக உருள்கிறதா என்றல்லவா கேட்க வேண்டும்? சக்கரம் துருப்பிடித்து, தண்டவாளத்தில் மண் அடைத்துக் கிடக்கும் கேட்டுக்குப் பெரிய மோட்டாராகப் போட்டு இழுப்பது ஆபத்து. சுமை கூடுவதை வைத்துத்தான் மோட்டார் தடையை உணர்கிறது. எப்போதும் முக்கிக்கொண்டே ஓடும் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு கால் இருப்பது எப்படித் தெரியும்?

திறப்பதையும் மூடுவதையும் யோசிக்கும்போதெல்லாம் வேதாரண்யம் கோயில் கதவு நினைவுக்கு வந்துவிடுகிறது. வேதங்களே வந்து பூசித்து, அடைத்துவிட்டுப் போன கதவு என்கிறது பெரியபுராணம். யாராலும் திறக்க முடியாமல், ஊரார் வேறு வாசல் வைத்து அதன் வழியே போய்க் கும்பிட்டு வந்தார்கள். அங்கே நாயன்மார்களான அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து வருகிறார்கள். நேர்வாசல் வழியேதான் போக வேண்டும், திறக்கப் பாடுங்கள் என்று சம்பந்தர் கேட்க, அப்பர் பாடுகிறார். கதவு அசையவில்லை. பாட்டு மேல் பாட்டாகப் பாடி, கடைசிப் பாட்டில் உமக்கு இரக்கமே இல்லையா என்ற பொருளில் இறைவனிடமே முறையிட்ட பிறகுதான் திறக்கிறது. உள்ளே போய் வணங்கித் திரும்பியதும், மூடுவதற்கு நீங்கள் பாடுங்கள் என்கிறார் அப்பர். சம்பந்தர் பாடுகிறார். முதல் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொள்கிறது.

கூடியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அதோடு விடவில்லை. அன்றிரவு மடத்தில் படுத்திருக்கும் அப்பரின் மனத்துக்குள் போகிறார். நான் அரும்பாடுபட்டுத் திறந்ததை அவர் எளிதாக அடைத்துவிட்டாரே, இறைவனின் உள்ளம் எதுவென்று அறியாமல் போனேனே என்று அந்தப் பெரியவர் கலங்குகிறார். அந்தக் கலக்கத்தில் கண்ணயரும்போதுதான் கனவில் இறைவன் வந்து திருவாய்மூருக்கு அழைக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அப்பர் பக்கம்தான் மனம் போகிறது. உள்ளே போகக் காத்து நின்ற அத்தனை பேருக்காகவும் பாடியவர் அவர். அரிதாகத் திறந்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று யாராவது அன்றிரவே சொல்லியிருக்கலாம்.

கோயிலில் அப்படி. வீட்டு வாசலில் திறப்பது எளிதாகவும் மூடுவது அரிதாகவும் இருக்க வேண்டும். தூணுக்குத் தூண் ஓடும் அகச்சிவப்புக் கதிரை யாராவது மறைத்தால், மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று பின்வாங்கும். அந்தக் கதிரை முழங்கால் உயரத்தில் வைத்தால், வாசலில் படுத்திருக்கும் நாய் அதற்குக் கீழே போய்விடும். தவழும் குழந்தையும் அப்படித்தான். ஆகவே சென்சாரோடு நிறுத்தாமல், கேட்டின் முனையில் அழுத்தம் பட்டதும் மோட்டாரை நிறுத்தும் ரப்பர் பட்டையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விலை கூடுகிறது, கூடட்டும். சில நொடிகளில் தானாக மூடிக்கொள்ளும் வசதி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மூடுகிறவர் வாசலைப் பார்த்துக்கொண்டு மூடட்டும். மாடியறையிலிருந்து ரிமோட்டை அழுத்துவதும் கூடாது.

இன்னொன்று, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைத் தெரு இது. மோட்டாருக்கு உயரமாக கான்கிரீட் மேடை கட்ட வேண்டும். கரண்ட் போனால் சிறிது நேரம் பேட்டரி தாங்கும். அதுவும் தீர்ந்தால், மோட்டாரில் ஒரு சாவியைத் திருப்பிப் பல்சக்கரத்தை விடுவித்துக் கையால்தான் தள்ள வேண்டும். அந்தச் சாவி அலமாரிக்குள் போய்விடக் கூடாது. முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். அம்மா உட்பட வீட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது அதைத் திருப்பிக் கேட்டைத் தள்ளிப் பார்த்த பிறகுதான், பொருத்த வருபவருக்கு மீதிப் பணம் தருவதாக இருக்கிறேன்.