பதில் வராத ஸலாம்

ஸலாமுக்குப் பதில் உரைப்பது கடமை. எம் தங்கை மகள் அக்கடமையில் தவறுகிறாள் என்று ஒரு மாத காலம் நாம் மனம் கசந்திருந்தோம். வாசலில் நின்று ஸலாம் சொல்வோம். அவள் திரும்பியும் பாராள். அவளுடைய உம்மா கூப்பிட்டாலோ உடனே எழுந்து வருவாள். புகுந்த வீட்டுச் செல்வம் தலைக்கேறிவிட்டது போலும் என்று எம் வீட்டாரிடம் சொல்லியும் வைத்தோம். இன்று அதை எழுதவே நாணுகிறோம்.

அப்போது அவளுக்கு வயது 27. தலைவலி என்றாள், வெயில் என்றோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். பேச்சினிடையே காரணமின்றி அழுதாள். கண்ணேறு என்றனர் மூத்த பெண்கள். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. காதில் இரைச்சல் என்றதற்கு ஒரு மருத்துவர் சளி என்றார். இடக்கண்ணின் ஓரத்தில் நிழல் விழுகிறது என்றதற்கு இன்னொருவர் கண்ணாடியை மாற்றினார். மூளையைப் படமெடுத்த மற்றொருவர், நரம்புகளின் மேலுறை அழியும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்று எழுதினார். மூன்று உறைகளில் மூன்று அறிக்கைகள். அவற்றை ஒருசேர விரித்துப் பார்த்தார் எவருமில்லை, நாமும் பார்க்கவில்லை.

பார்த்தவர் வேறோர் ஊரின் நரம்பியல் மருத்துவர், இளம் பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி: “யார் பேசினால் கேட்கவில்லை?”

“ஆண்கள் பேசினால். மாமா பேசுவது அறவே கேட்பதில்லை.”

எமது குரல் கட்டைக் குரல். செவிச் சோதனையில் தாழ்ந்த ஒலிகள் இரு காதிலும் மங்கியிருந்தன, வலக்காதில் மிகுதியாக. உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் கேட்டன. கை நரம்பில் சாயம் ஏற்றி விழித்திரையைப் படமெடுத்தபோது, நுண்ணிய தமனிக் கிளைகள் சில அடைபட்டுச் சாயம் கசிந்தது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தின் நட்டநடுவே வட்டப் புள்ளிகள். முன்னர் சொல்லப்பட்ட நோயில் அவை பெரும்பாலும் பாலத்தின் அடி விளிம்பை ஒட்டி இருக்குமாம்.

இதற்குச் சூசாக் நோய் என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஜான் சூசாக்கும் அவர் தோழர்களும் 1979-இல் இரு பெண்களிடம் கண்டு எழுதியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளை, விழித்திரை, உட்செவி ஆகியவற்றின் மிகச் சிறிய தமனிகளைத் தாக்கி அடைக்கிறது. பெரும்பாலும் இளம்பெண்களையே பற்றுகிறது. 2013-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் உலகெங்கும் அதுவரை பதிவான 304 பேரின் வரலாற்றைத் தொகுத்தார்கள். தொடக்கத்திலேயே மூன்று குறிகளும் கூடியிருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரே. ஆகவே சளி என்றவரை நாம் முற்றும் பழிப்பதற்கில்லை. செருக்கு என்றவர்கள் நாமல்லவா!

ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்துகள் நெடுநாள் தொடர்ந்தன. மறதி நீங்கியது. கண்ணோர நிழல் சிறுத்து நின்றுவிட்டது. வலக்காது திரும்பவில்லை, இந்நோயில் போன செவி மீள்வது அரிது என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார்.

இப்போது நாம் வாசலில் நின்று ஸலாம் சொல்வதில்லை. உள்ளே சென்று, அவளுக்கு இடப்பக்கமாக அமர்ந்த பிறகே சொல்கிறோம்.