தாயாரின் படம்

எழுபது வயதாகும் நம் தாயாருக்கு நல்ல படம் ஒன்றில்லையே என்று, சென்ற கோடையில், உச்சிவெயிலில், கிணற்றடியில் நிறுத்திப் போட்டோ எடுத்தோம். அச்சாகி வந்ததும், மாணாக்கர் கட்டுரை திருத்தும் பழக்கத்தால் பிழைகளை எண்ணினோம். கண்களின் இடத்தில் இரு கரிய குழிகள். தலையிலிருந்து முளைத்தாற்போல் ஒரு தென்னை!

மறுநாள் தாழ்வார நிழலில், முற்றத்தை நோக்கி உட்கார வைத்தோம். பின்னே வெறுஞ்சுவர், தென்னைக்கு இடமில்லை. வெயில் விழும் முற்றத்தோரம் வெள்ளை வேஷ்டியை விரித்தோம். அதிற் பட்டுத் திரும்பிய ஒளி கண்குழிகளைத் தெளிவித்தது. "அசையாதே அம்மா!" என்று கட்டளையும் இட்டோம். படத்தில் பிழையில்லை, ஆனால் தலைமையாசிரியர் முன் நிற்கும் பிள்ளைபோல் விறைத்திருந்தார் தாயார்.

1936-இல் கலிபோர்னியாவில் வறுமையுற்ற தாயொருத்தியைப் படமெடுத்த டாரத்தியா லாங்கே, ஒவ்வொரு படத்துக்கும் மேலும் மேலும் நெருங்கிச் சென்றாராம். அது நினைவுக்கு வரவே, நாமும் அருகில் சென்றமர்ந்து, நம் பிள்ளைப்பிராயக் குறும்புகளைச் சொல்லச் சொன்னோம். தாயார் வாய்விட்டுச் சிரித்தார், பொத்தானை அழுத்தினோம்.

வேஷ்டியின் ஓரம் படத்தில் விழுந்துவிட்டது. அந்தப் பிழையைத் திருத்தும் உத்தேசம் நமக்கில்லை.